சேதமில்லாப் பரிசோதனை

மின்கம்பி உறைகளுக்குத் தரச்சான்று வழங்கும் வாரியத்தில் எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடுவதில்லை. தூக்கிப் போடுவதெல்லாம் காகிதத்தோடு வருகிறவர்களைத்தான். இந்த விவரம் தெரியாமல் மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, கையில் ஒரு டிபன் பாக்ஸோடு மாஸ்டர் அங்கே போய்ச் சேர்ந்தார். பாக்ஸுக்குள் சாப்பாடு இல்லை. உள்ளங்கை அகலத்தில் வட்டமாக வெட்டிய பன்னிரண்டு வெள்ளை பிளாஸ்டிக் வில்லைகள் இருந்தன.

மாஸ்டர் என்பது அவர் பெயரில்லை. ஒரு சின்ன கேபிள் ஆலையில் பிளாஸ்டிக் கலவை போடும் இடத்துக்கு அவர் பொறுப்பாளர். ஆலையில் முப்பது வருடமாக எல்லோரும் அப்படிக் கூப்பிட்டு, கடைசியில் பெண்டாட்டியும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். பிளாஸ்டிக்கை மோந்து பார்த்தே சூடு எத்தனை என்று சொல்லிவிடுவார். ஆனால் மனிதர்கள் விஷயத்தில் அந்த மூக்கு வேலை செய்யாது. யார் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கும் என்று நம்புகிற ரகம்.

அவருடைய மாப்பிள்ளை கேபிள் ஜாயின்டர். அறுந்த கேபிள்களைக் குழிக்குள் உட்கார்ந்து இணைப்பது அவர் வேலை. போன மழைக்காலத்தில், ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் நிலையத்துக்குப் பக்கத்துக் குழியில் அவர் ஒரு கேபிளை இணைத்துக்கொண்டிருந்தபோது, அதே குழியில் ஓடிய இன்னொரு கேபிள் வெடித்துவிட்டது. உயிர் தப்பியது பெரும்பாடு. இடது கையில் மூன்று விரல்கள் இப்போது மடங்குவதில்லை. ஆஸ்பத்திரியில் மகளுக்குத் துணையாக ஒரு வாரம் இருந்த மாஸ்டர், எட்டாவது நாள் குழிக்குப் போய் வெடித்த கேபிளில் ஒரு சாண் வெட்டி வந்து, விளக்கடியில் வைத்துப் பார்த்தார். சாம்பல் நிற உறை. ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாத இரண்டு பிளாஸ்டிக்கை, மலிவாக முடிகிறதே என்று அப்படியே போட்டு உருக்கியிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே இருந்த சந்துகளில் ஈரம் புகுந்து, செடி மாதிரி கிளைவிட்டுப் படர்ந்திருந்தது. உறையின் மேல் வாரியத்தின் முத்திரை பளிச்சென்று இருந்தது.

அன்றைக்கே மாஸ்டர் பிடிவாதம் பிடித்துவிட்டார். அதே இரண்டு பிளாஸ்டிக்கை எடுத்தார். அவை இரண்டையும் கைகோக்க வைக்கிற மூன்றாவது சரக்கு ஒன்று உண்டு, அதற்கு இணக்கி என்று பெயர். ஆலையில் எல்லோரும் அதைத் தரகர் என்பார்கள். தரகரை இரண்டு சதவீதம் போட்டுப் பார்த்தார், எட்டு போட்டுப் பார்த்தார், பதினோரு மாதம் ஆலையிலேயே பாதி நாள் கிடந்து, கடைசியில் ஐந்தில் வந்து நின்றார். கலவை பால் மாதிரி ஒரே சீராக வந்தது. தேவைப்பட்டால் மறுபடி உருக்கவும் செய்யலாம். அந்த வெள்ளை வில்லைகள்தான் டிபன் பாக்ஸில் இருந்தவை.

பம்ப் நிலையத்துக்குப் புதுக் கேபிள் போடப் போகிறார்கள். டெண்டர் அதே மாதம் முப்பதாம் தேதி. வாரியத்தின் சான்று இல்லாதவர்கள் டெண்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே போக முடியாது. எந்த ஆலையின் கேபிள் வந்தாலும் அதைக் குழியில் உட்கார்ந்து இணைக்கப் போவது மாப்பிள்ளைதான். ஆகவே மாஸ்டருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தக் குழியில் தன் கேபிள் கிடக்க வேண்டும்.

விண்ணப்பத்தின் நான்காவது கட்டத்தில், "பொருள்: முதல் வகை / இரண்டாம் வகை. ஒன்றை மட்டும் குறிக்கவும்" என்று இருந்தது. தன் பிளாஸ்டிக் இரண்டும் வகைக்கு ஒன்று என்பதால் மாஸ்டர் இரண்டையும் குறித்துவிட்டு, முதல் வகைப் பிரிவின் அதிகாரியம்மாள் முன் போய் நின்றார்.

"ரெண்டையும் கலந்துட்டீங்களா?" என்று அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"ஆமாங்க மேடம்."

"எங்களக் கேக்காமலா?"

மாஸ்டர் சிரித்து வைத்தார். அதிகாரியம்மாள் சிரிக்கவில்லை.

"இதுல எங்க பொருள் எவ்வளவு?"

"அறுபது சதவீதம்."

"அப்ப மீதி நாப்பது எங்க பொறுப்புல வராது. பக்கத்து ரூம்ல காட்டுங்க."

பக்கத்து அறையில் இரண்டாம் வகைப் பிரிவின் அதிகாரி. இரு அறைகளுக்கும் நடுவே ஒரு கதவு இருந்தது. இருவரும் பேச்சுவார்த்தை நிறுத்திப் பதினாலு வருடமாகிறது என்பதால், கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு பீரோ, அந்தப் பக்கம் ஒரு பீரோ. ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கடிதம் போக வேண்டுமென்றால், கீழ்த்தளத்துக்கு இறங்கி, முத்திரை வாங்கி, மறுபடி மாடியேறி வர வேண்டும். நான்கு நாள் பிடிக்கும்.

"அறுபது அவங்களுது. அவங்க கையெழுத்துப் போட்டாங்கன்னா என் முப்பத்தஞ்சுக்கு நான் போட்டுத் தந்துடறேன்," என்றார் இரண்டாவது அதிகாரி. நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். பிறகு விரல் விட்டுக் கூட்டிப் பார்த்து முகம் மாறினார். "மீதி அஞ்சு யாரு?"

"அதுதான் சார் ரெண்டையும் சேத்து வைக்கிறது. ஆலையில தரகர்னு சொல்லுவோம்."

"தரகர்கள் உள்ள வரக்கூடாதுன்னு வாசல்லயே போர்டு வச்சிருக்கோமே, பாக்கலையா?"

எட்டு நாள் மாஸ்டர் இரண்டு அறைகளுக்கும் நடுவில் நடந்தார். ஒன்பதாவது நாள் அதிகாரியம்மாளுக்கே மனம் இளகி ஒரு வழி சொன்னார். "கலந்ததப் பிரிச்சுத் தனித்தனியாக் கொண்டு வாங்க. தனித்தனியா பாஸ் பண்ணிக் குடுத்துடறோம். அப்புறம் நீங்க வீட்டுல கலந்துக்குவீங்களோ என்னவோ, நாங்க கேக்க மாட்டோம்."

"பால்ல கரைஞ்ச சக்கரையப் பிரிக்க முடியுமா மேடம்?"

"அதுக்கு வேற வாரியம் இருக்கு."

கடைசியில் விண்ணப்பத்தை 'இதர' என்ற பிரிவில் சேர்த்தார்கள். கயிறு, மரப்பிடி, காலுக்குப் போடும் ரப்பர் பூட்ஸ் எல்லாம் அந்தப் பிரிவில் வரும். அதற்கு அதிகாரியாக யாரையும் போடவில்லை என்பதால் முடியாது என்று சொல்லவும் ஆள் இல்லை. அன்று மாலையே வில்லைகள் பரிசோதனைக் கூடத்துக்குப் போய்விட்டன.

பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர் ஒரே ஒருவர். அவர் சட்டையிலிருந்து எப்போதும் மின்மாற்றி எண்ணெய் வாசனை வரும் என்பதால் எல்லோரும் எண்ணெய்க்காரர் என்பார்கள். அவரைப் பார்த்ததும் மாஸ்டருக்கு உயிர் வந்தது. இத்தனை நாளில் வில்லையைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நகத்தால் கீறிப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

"அருமையா வந்திருக்கு மாஸ்டர். தரகர் எவ்வளவு?"

"அஞ்சு."

"பாத்தாலே தெரியுது."

பரிசோதனை சுலபமானது. வில்லையை எண்ணெய்த் தொட்டிக்குள், இரண்டு பித்தளை உருண்டைகளுக்கு நடுவே வைப்பார்கள். மின்னழுத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். எந்த அளவில் மின்சாரம் வில்லையைத் துளைத்துக்கொண்டு பாய்கிறதோ, அதுவே அதன் பலம். இருபத்திரண்டு கிலோவோல்ட் தாங்கினால் போதும் என்பது விதி. எண்ணெய்க்காரர் குமிழைத் திருகினார். இருபத்திரண்டு தாண்டியது. முப்பது தாண்டியது. நாற்பதில் எண்ணெய்க்காரர் திரும்பி மாஸ்டரைப் பார்த்தார். நாற்பத்தாறில் பட்டென்று ஒரு சத்தம், எண்ணெய்க்குள் ஒரு நீலப் பொறி, அவ்வளவுதான்.

"நாப்பத்தாறு!" எண்ணெய்க்காரர் மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "என் சர்வீஸ்ல இப்படி ஒண்ணு பாத்ததில்ல!" மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. அன்று வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவரிடம் நாற்பத்தாறு என்று சொன்னார். அவர் வயதைச் சொல்கிறார் என்று நினைத்து, அப்படித் தெரியவில்லை என்றார் அந்த மனிதர்.

மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. "தாங்கிய மின்னழுத்தம்: 46 கிலோவோல்ட். மாதிரியின் நிலை: சேதமடைந்தது. முடிவு: தோல்வி."

மாஸ்டர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு எண்ணெய்க்காரரிடம் ஓடினார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் நம்பரத்தான் எழுதினேன் மாஸ்டர். முடிவ மேல எழுதுவாங்க. சோதனையில சேதமாகற சாம்பிள் எல்லாம் தோல்வின்னு ஒரு சுற்றறிக்கை இருக்கு."

"சேதமாகிற வரைக்கும் ஏத்தறதுதானேய்யா சோதனையே!"

"ஆமா."

"அப்ப மத்தவங்க எல்லாம் எப்படிப் பாஸானாங்க?"

"மெஷின் ஒம்பது வருஷமா ரிப்பேர்ல இருந்துச்சு. போன மாசம்தான் சரியாச்சு. நீங்கதான் முதல் ஆளு."

தேதி அப்போது பதினெட்டு. மாஸ்டர் இயக்குநரைப் பார்க்க மனுக் கொடுத்தார். இயக்குநர் தங்கமான மனிதர், யாரையும் கடிந்து பேச மாட்டார். தாம் பேசுவதைத் தாமே ரசித்துக் கேட்பார். அவர் மேசைக்குப் பின்னால், ஒன்பது வருடமாக ஒரு மாதிரிகூடத் தோற்காததைப் பாராட்டி வாரியத்துக்குக் கிடைத்த கேடயம் இருந்தது.

"மாஸ்டர், நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க," என்று அவர் ஆரம்பித்தார். "ஒம்பது வருஷத்துல நாலாயிரத்து இருநூறு சான்று குடுத்திருக்கோம். மெஷின் ரிப்பேர்னு ஒரு நாளாவது வேலைய நிறுத்தினோமா? இல்ல. அத்தன மாதிரியும் எப்படி வந்துச்சோ அப்படியே, ஒரு கீறல் இல்லாம அலமாரியில இருக்கு. நீங்க போய்ப் பாக்கலாம். மெஷின் சரியாச்சு. முதல் சோதனையிலயே ஒரு தோல்வி. இப்பத் தப்பு யார் பேர்லன்னு நீங்களே சொல்லுங்க."

"சார், உங்க முத்திரை போட்ட கேபிள்லதான் என் மாப்பிள்ளை கை போச்சு."

இயக்குநரின் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "அந்தக் கேபிள் எங்க வெடிச்சுது? இங்கயா?"

"இல்ல சார். குழில."

"பாத்தீங்களா! எங்ககிட்ட இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்கு. வெளிய போய்க் கெட்டுப் போச்சுன்னா அது வளர்ப்பு சரியில்ல."

மாஸ்டரின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுத்தான், துளையை ஆராய மூன்று பேர் குழு ஒன்றை இயக்குநர் அங்கேயே அமைத்தார். குழு ஐந்து நாள் கூடியது. ஊசி நுனி அளவு துளையை முதல் நாள் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டாம் நாள் பூதக்கண்ணாடி வந்தது. மூன்றாம் நாள் உறுப்பினர்களில் ஒருவர் ஒரு நுட்பமான கருத்தை முன்வைத்தார். துளை என்பது பொருள் இல்லாத இடம். பொருள் இல்லாத இடத்துக்காகப் பொருளைத் தண்டிப்பது நியாயமா? மற்ற இருவரும் அசந்துபோய், வில்லைக்கு "துளை நீங்கலாகத் தேர்ச்சி" என்று சான்று எழுதினார்கள்.

மாஸ்டர் அதற்கும் சம்மதம் என்றுதான் சொன்னார். ஆனால் வாரியத்தின் சட்டப் பிரிவு ஒத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு கிலோமீட்டர் கேபிளுக்கு இதே சான்று கொடுத்தால், எங்கெங்கே துளை நீங்கலாக என்று பட்டியல் இணைக்க வேண்டும் என்றார்கள். அந்தப் பட்டியலுக்குக் கேபிள் முழுவதையும் முதலில் துளைக்க வேண்டுமாம். தேதி இருபத்தைந்து ஆகிவிட்டது. அன்று மாலை மகள் வீட்டுக்குப் போனவர், மாப்பிள்ளை ஒரு கையால் சட்டைப் பித்தான் போடுவதைப் பார்த்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினார்.

இருபத்தெட்டாம் தேதி வாரியத்தில் விழா. விண்ணப்பதாரர்கள் எல்லோரும் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பரிசோதனைக் கூடத்து வாசலில் ரிப்பன் கட்டியிருந்தது. முதல் வகை அதிகாரியம்மாள் ரிப்பனின் இந்த முனையையும் இரண்டாம் வகை அதிகாரி அந்த முனையையும், ஒருவரை ஒருவர் பார்க்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நண்பர்களே," என்றார் இயக்குநர், "ஒரு சாதாரணத் தொழிலாளியின் கண்ணீர் இந்த வாரியத்தை யோசிக்க வைத்தது. ஏன் நாம் மாதிரிகளைத் துன்புறுத்த வேண்டும்? நம்பிக் கொடுத்த பொருளை உடைத்துத் திருப்பித் தருவது எந்த ஊர்ப் பண்பாடு? பலவீனம் எங்கே என்று தேடுகிறவன் கண்ணுக்குப் பலவீனம்தான் தெரியும். ஆகவே இன்று முதல் சேதமில்லாப் பரிசோதனை. எல்லா மாதிரிகளும் ஒரே அளவில், பூஜ்ஜியம் கிலோவோல்ட்டில், ஒரு நிமிடம் பரிசோதிக்கப்படும். ஏற்றத்தாழ்வு கிடையாது. விதி மாறவில்லை, கருவி மாறவில்லை, தொட்டியில் எண்ணெய்கூடப் புதிது!"

பலத்த கைதட்டல். மரியாதைக்காக மாஸ்டரின் வில்லையை முதலில் எடுத்தார்கள். எண்ணெய்க்காரர் அதைத் தொட்டியில் இறக்கிவிட்டு, பூஜ்ஜியத்தில் டேப் ஒட்டி நிறுத்தியிருந்த குமிழின் மேல் கையை வைத்துக்கொண்டார். ஒரு நிமிடம் எல்லோரும் எழுந்து நின்றார்கள். வில்லை வெளியே வந்தது. துணியால் துடைத்து இயக்குநரிடம் கொடுத்தார்கள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நூற்றுக்கு நூறு" என்று அறிவித்தார்.

"சார், சுவிட்சே போடலையே!" என்றார் மாஸ்டர்.

"போட்டாச் சேதமாகும் மாஸ்டர்," என்றார் இயக்குநர், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

அடுத்து ஒரு ஆலைக்காரர் தம் சட்டைப் பையிலிருந்து ஒரு வில்லையை எடுத்தார். சாம்பல் நிறம். எடுக்கும்போதே ஓரம் பொடிப் பொடியாக உதிர்ந்தது. அந்த நிறத்தை மாஸ்டர் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வார். தொட்டியில் இறக்கியதும் எண்ணெயில் தூள் மிதந்தது. ஒரு நிமிடம் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நூற்றுக்கு நூறு. அந்த ஆலைக்காரருக்கே நம்ப முடியவில்லை. பக்கத்திலிருந்தவரிடம், உங்களுக்கும் அவ்வளவுதானா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

மாஸ்டர் தன் சான்றை மேசையிலேயே விட்டுவிட்டு நடையைக் கட்டினார். எண்ணெய்க்காரர் படிக்கட்டு வரை பின்னாலேயே ஓடிவந்து அதை அவர் கையில் திணித்தார். "வாங்கிட்டுப் போங்க மாஸ்டர். வீம்பு பண்ணாதீங்க. இது இல்லன்னா டெண்டர்ல உங்க கேபிளே இருக்காது. அப்புறம் அந்தக் குழில நிச்சயமா அவங்களுதுதான்."

மாஸ்டர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். விஷயம் எதுவும் தெரியாத மகள் அதைக் கண்ணாடி போட்டு நடு அறையில் மாட்டுகிறேன் என்று ஒரு நகல் எடுத்துக்கொண்டாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

முப்பதாம் தேதி பம்ப் நிலைய அலுவலகத்தில் டெண்டர் திறந்தார்கள். நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் ஏழு பேர். அதில் சாம்பல் நிறக் கேபிள்தான் விலை குறைவு.

"ஏழு பேரும் ஒரே மார்க்கு," என்றார் அங்கிருந்த பொறியாளர். "உங்களுது ஒசத்தின்னு நான் எத வச்சுச் சொல்ல?"

"எங்களுது நாப்பத்தாறு கிலோவோல்ட் தாங்கினது சார்!"

"எங்க எழுதியிருக்கு?"

நாற்பத்தாறு என்று எழுதிய காகிதம் உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. மாஸ்டர் அதை எடுத்து நீட்டினார். பொறியாளர் மேலிருந்து கீழே வாசித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"தோல்வின்னு போட்டிருக்கே. ஏற்கெனவே ஃபெயிலான சரக்கா இது? நல்ல வேளை, காட்டினீங்க."

பத்து நாள் கழித்து, பம்ப் நிலையத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டிக் கேபிள் இறக்கினார்கள். விஷயம் கேள்விப்பட்டு மாஸ்டர் காலையிலேயே போய்விட்டார். குழியில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் நின்றது. மேட்டில் சாம்பல் நிறக் கேபிள் சுற்றிய உருளை. அதன் மேல் புத்தம் புதிய முத்திரை.

"மாப்பிள்ளை, இறங்காதீங்க," என்றார். "அது வெறும் குப்பை. அன்னிக்கு வெடிச்சதே, அதே சரக்கு."

மாப்பிள்ளை குனிந்து முத்திரையைப் பார்த்தார். "சர்டிபிகேட் இருக்கே மாமா. நூத்துக்கு நூறு."

"சுவிட்சே போடாம டெஸ்ட் பண்ணாங்க மாப்பிள்ளை. என் கண்ணால பாத்தேன்."

"நம்ம கேபிளுக்கு?"

"நமக்கும் அப்படித்தான்."

"நம்ம கேபிள் நல்லதுதானே?"

"தங்கம் மாதிரி."

"அப்புறம் என்ன மாமா? அதே சர்டிபிகேட்டுதான் நம்ம வீட்டுச் சுவத்துல தொங்குது. அத நம்பிட்டு இத நம்பலன்னா எப்படி?" மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே கருவிப் பையைத் தோளில் மாட்டினார். "நான் இறங்கலன்னா வேற ஒருத்தர் இறங்கப் போறாரு. அவருக்கு வந்து சொல்ல மாமனார்கூட இருக்க மாட்டாரு."

ஏணியைச் சாத்திக்கொண்டு அவர் இறங்கிவிட்டார். மாஸ்டர் மேட்டிலேயே நின்றார். முப்பது வருடம் தொழில் பார்த்த மனிதருக்கு, இறங்காதே என்று சொல்ல ஒரு ஆதாரமும் கையில் இல்லை. அவமானத்தில் கண் கலங்கியது. போன் அடித்தது. மகள்.

"அப்பா, அவர் இறங்கிட்டாரா?"

"இறங்கிட்டார்மா."

"யாரோ வேற கம்பெனி கேபிள்னு சொன்னாரே. நல்லதுதானேப்பா?"

குழிக்குள் மாப்பிள்ளை சாம்பல் நிற உறையைக் கத்தியால் சீவ ஆரம்பித்திருந்தார். சீவல்கள் தண்ணீரில் தூளாக விழுந்தன. மாஸ்டர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"சர்டிபிகேட் வச்சிருக்காங்கம்மா," என்றார்.

"நீங்க வாங்கின மாதிரியேவா?"

"அதே மாதிரிதான்."

"அப்பாடா," என்று மகள் போனை வைத்தாள்.